பேத்தியின் மறதி

மதிப்பிற்குரிய ஐயா,

பெங்களூரு அல்சூரில் வசிக்கிறோம். என் மகளுக்கு மூன்று வயது நிறையும் முன்பே என் அம்மா காலமானார். சோமேஸ்வரர் கோயிலில் வெண்பொங்கலிலிருந்து மிளகைப் பொறுக்கிப் போட்டுவிட்டுப் பாட்டி ஊட்டியதை, நான்கைந்து வயதில்கூட அவளாகவே சொல்வாள். இப்போது எட்டு வயது. கேட்டால் உதட்டைப் பிதுக்குகிறாள். நான் அடிக்கடி நினைவூட்டாததுதான் காரணமா?

ஒரு வாசகி

அன்புள்ள வாசகிக்கு,

இல்லை. உங்கள் மகளுக்கு நேர்ந்தது ஏறக்குறைய எல்லாக் குழந்தைகளுக்கும் நேர்வது. பெரியவர்களிடம் முதல் நினைவைக் கேட்டால் பெரும்பாலும் மூன்று, மூன்றரை வயதைத்தான் சொல்வார்கள். அதற்கு முந்தையவை மனதில் பதியவே இல்லை என்றுதான் நெடுங்காலம் பலர் கருதினார்கள். நான்கு வயதில் அந்த மிளகைப் பற்றிச் சொன்ன உங்கள் மகளே அதற்கு மறுப்பு.

அமெரிக்காவின் எமரி பல்கலைக்கழகத்தில் பாட்ரீசியா பாயரும் மரினா லார்க்கினாவும் மூன்று வயதுக் குழந்தைகள் தாயுடன் பேசிய அண்மை நிகழ்ச்சிகளைப் பதிவுசெய்து, சில ஆண்டுகள் கழித்து அவற்றைப் பற்றியே மீண்டும் கேட்டார்கள். 2014இல் வெளியான முடிவின்படி, ஐந்து முதல் ஏழு வயது வரையிலான குழந்தைகளுக்கு அவற்றில் 60 விழுக்காட்டுக்கு மேல் நினைவிருந்தது; எட்டு, ஒன்பது வயதினருக்கு 40 விழுக்காடுகூட இல்லை. உங்கள் மகள் சரியாக அந்தச் சரிவில் நிற்கிறாள்.

காரணம் முழுதும் தெளிவாகிவிடவில்லை. மூளையில் நினைவுகளைக் கோத்துவைக்கும் ஹிப்போகாம்பஸ் பகுதியில் இளம் வயதில் புதிய நரம்பணுக்கள் மிகுதியாகப் பிறப்பதால் பழைய இணைப்புகள் குலைகின்றன என்று டொராண்டோ ஆய்வாளர்கள் சொல்கிறார்கள். அந்தப் பிறப்பைக் குறைத்தபோது குட்டி எலிகளின் நினைவு கூடுதல் நாள் நீடித்தது. எலியிலிருந்து அல்சூர்க் குழந்தைக்குத் தாவ எனக்குத் தயக்கம் உண்டு என்றாலும், வளர்ச்சியே மறதிக்கு வழிவிடுகிறது என்ற கருத்து நம்பத்தக்கதாகவே படுகிறது.

பேச்சுக்குப் பங்கே இல்லை என்றும் சொல்லமாட்டேன். 'பாட்டி என்ன புடவை கட்டியிருந்தார்?' என்று தேர்வு வைப்பதைவிட, 'அப்புறம்?' என்று கேட்டுக் குழந்தை இழுக்கும் பக்கம் போகும் தாய்மார்களின் பிள்ளைகள் விரிவாக நினைவுகூர்கிறார்கள். ஆனால் எட்டு வயதில் நீங்கள் சொல்லிச் சொல்லிப் பதியவைப்பது உங்கள் நினைவாகவே இருக்கும். அது தவறில்லை, இரண்டும் ஒன்றென்று மட்டும் எண்ணிவிடாதீர்கள். அவள் நான்கு வயதில் சொன்னவற்றை அவளுடைய மழலைச் சொற்களிலேயே, உங்களுக்கு மறக்குமுன், தேதியிட்டு எழுதி வையுங்கள். அந்தச் சாட்சியம் இப்போது உங்களிடம் மட்டுமே இருக்கிறது.