விறகு ஹீட்டர் வீட்டுக்கு வீடு வர என்ன செய்யலாம்?

கேள்வி: எங்கள் வீட்டில் இருப்பது பழைய இரும்பு விறகடுப்பு. தூங்கப் போகும்முன் கட்டைகளை நிரப்பிவிட்டு, காற்றுத் துளையை முக்கால்வாசி மூடிவிடுவோம். இருந்தும் விடியும்போது அறை ஆறிக் கிடக்கிறது. கண்ணாடிக் கதவு கறுத்துவிடுகிறது, புகைபோக்கியில் தார் படிகிறது. வெப்பத்தைச் சேமித்து வைக்கும் செங்கல் ஹீட்டர் இதைவிட எவ்வளவோ மேல் என்கிறார்கள். அப்படியானால் அது ஏன் எங்கும் கண்ணில் படுவதில்லை? நாங்கள் பத்துக் குடும்பங்கள் கட்டிக்கொள்ளத் தயாராக இருக்கிறோம். எங்கிருந்து ஆரம்பிப்பது?

பதில்: முதலில் அந்தக் காற்றுத் துளையை மூடுவதை இன்றோடு நிறுத்துங்கள். விறகு சூடேறியதும் அதன் எடையில் ஏறக்குறைய 80 சதவீதம் வாயுவாகக் கிளம்பிவிடும். கரியாக நின்று எரிவது மிச்சம் மட்டும்தான். அந்த வாயு முழுசாக எரிய 600 டிகிரிக்கு மேல் சூடு வேண்டும், தாராளமாகக் காற்று வேண்டும், இரண்டும் கலந்து எரிய இடமும் நேரமும் வேண்டும். காற்றை அடைத்தால் தீ தணிகிறது, வாயு எரியாமல் மேலே போய்ப் புகைபோக்கியின் ஆறிய சுவரில் தாராக ஒட்டிக்கொள்கிறது. பிறகு ஒரு நாள் அந்தத் தாரே பற்றிக்கொள்ளும். புகைபோக்கித் தீ விபத்துகளுக்கு முக்கியக் காரணங்களில் ஒன்று இதுதான்.

செங்கல் ஹீட்டர் இந்தச் சிக்கலை வேறு வழியில் தீர்க்கிறது. தீயை அடக்குவதே இல்லை. ஒன்றரை, இரண்டு மணி நேரம் முழுக் காற்றோடு கொழுந்துவிட்டு எரியவிட்டு, அந்தச் சூட்டைச் செங்கல் சுவருக்குள் வாங்கி வைத்துக்கொள்கிறது. உலர்ந்த விறகு கிலோவுக்குச் சுமார் 4 யூனிட் (மின்கட்டணத்தில் வரும் அதே யூனிட், கிலோவாட்-மணி) வெப்பம் தரும். 15 கிலோ எரித்தால் 60 யூனிட். நன்றாகக் கட்டிய ஹீட்டர் அதில் 80 சதவீதத்தைப் பிடித்துக்கொண்டால் 48 யூனிட். ஒரு நாளைக்குப் பிரித்துப் பார்த்தால், 24 மணி நேரமும் 2 கிலோவாட் மின் ஹீட்டர் ஓடுவதற்குச் சமம். இரண்டு டன் செங்கல் சராசரியாக 80 டிகிரி சூடேறினாலே 37 யூனிட் அளவு உள்ளே தங்கிவிடும். திறந்த கணப்பு இதே விறகில் பெரும்பகுதிச் சூட்டைக் கூரைக்கு மேலே அனுப்பிவிடும்.

இது புதிய கண்டுபிடிப்பு ஒன்றும் இல்லை. 18ஆம் நூற்றாண்டில் காடுகள் குறைந்துகொண்டே வந்தபோது, சுவீடனில் விறகைச் சிக்கனமாக எரிக்கும் அடுப்பை வடிவமைக்கும் பணி கார்ல் யோஹான் கிரோன்ஸ்டெட், ஃபேபியன் ரேடே என்ற இருவரிடம் ஒப்படைக்கப்பட்டது. 1767இல் அவர்கள் கொண்டுவந்த, ஓடு பதித்த அடுப்பில், புகை மேலும் கீழுமாகச் சுற்றிச் சுற்றிப் போய் பெரும்பகுதிச் சூட்டைச் சுவரிடம் விட்டுவிட்டுத்தான் வெளியேறும். பின்லாந்து, ஆஸ்திரியா, ரஷ்யா என்று பல நாடுகளிலும் இந்த வகை இன்றும் புழக்கத்தில் இருக்கிறது. இவற்றோடு, 1980களில் லாரி வினியார்ஸ்கி உருவாக்கிய ராக்கெட் அடுப்புத் தத்துவத்தை (சூடு வெளியேறாத குறுகிய எரியறையில் தீயைக் கொழுந்துவிட்டு எரியவிடுவது) வைத்து, களிமண் திண்ணைக்குள் புகைக்குழாயை ஓடவிடும் ராக்கெட் ஹீட்டரும் வந்தது. குறைந்த செலவில் தாங்களே கட்டிக்கொள்ள நினைப்பவர்கள் அதைத் தேடிப் போகிறார்கள்.

அப்புறம் ஏன் பரவவில்லை? எரியும் நுட்பத்தில் குறை இல்லை. நம்பிக்கை வைக்க ஆதாரம் கேட்பவர்களிடம் காட்ட எதுவும் இல்லாததுதான் பெரிய தடை என்பது என் கருத்து. கட்டட அனுமதி தரும் அதிகாரி சான்றிதழ் கேட்பார். காப்பீட்டு நிறுவனமும் அதையே கேட்கும். தொழிற்சாலையில் செய்த இரும்பு ஹீட்டரைச் சோதனைக்கூடத்துக்கு அனுப்பிச் சான்று வாங்கலாம். உதாரணமாக, அமெரிக்காவில் 2020 மே முதல் விற்கப்படும் புதிய விறகு ஹீட்டர் மணிக்கு 2 கிராமுக்கு மேல் துகள் வெளியிடக் கூடாது. சோதனைக்கென்று ஒரே அளவில் அறுத்த மரச்சட்டங்களுக்குப் பதிலாக, உண்மையான விறகுக் கட்டையை வைத்துச் சோதித்தால் 2.5 கிராம் வரை விடலாம். ஆனால் கொத்தனார் வீட்டுக்குள்ளேயே கட்டும் இரண்டு டன் சுவரை எந்தச் சோதனைக்கூடத்துக்குத் தூக்கிக்கொண்டு போவது?

இதற்கு வழி உண்டு. ஒற்றையாகக் கட்டப்படும் அடுப்புகளின் எரியறை, புகைப்பாதை, புகைபோக்கி அளவுகளைக் கணக்கிட்டுச் சரிபார்க்க இ.என். 15544 என்ற ஐரோப்பியத் தரம் இருக்கிறது. கட்டும் முறைக்கு அமெரிக்காவின் ஏ.எஸ்.டி.எம். இ 1602 வழிகாட்டி இருக்கிறது. ஆகவே சொந்த மூளையில் உதித்த வரைபடத்தை விட்டுவிடுங்கள். இந்தத் தரங்களில் ஒன்றின்படி அமைந்த, ஏற்கெனவே பலர் கட்டி எரித்துப் பார்த்த வடிவத்தை எடுத்துக்கொள்ளுங்கள். முதல் செங்கல் வைப்பதற்கு முன்பே வரைபடத்தோடு அதிகாரியைப் போய்ப் பாருங்கள். எரியக்கூடிய சுவரிலிருந்து எவ்வளவு தள்ளி இருக்க வேண்டும், அடித்தளம் எப்படி என்று அவரையே கேளுங்கள். கட்டி முடித்த பிறகு அனுமதி கேட்பவரை யாருக்கும் பிடிக்காது. காப்பீட்டு நிறுவனத்தின் ஒப்புதலையும் எழுத்தில் வாங்கிவிடுங்கள், வாய்வார்த்தை போதாது.

பத்து வீட்டிலும் ஒரே சமயத்தில் தொடங்க வேண்டாம். இதை நான் அழுத்தியே சொல்கிறேன். ஒரு வீட்டைத் தேர்ந்தெடுங்கள். அங்கே பகல்முழுக்க யாராவது இருக்கட்டும், அடித்தளம் எடையைத் தாங்கட்டும், கூரையும் சன்னலும் காற்று ஒழுகாமல் இருக்கட்டும். ஒழுகும் வீட்டுக்கு 2 கிலோவாட் போதாது, பழி ஹீட்டர் மேல் விழும். வார இறுதியில் மட்டும் வந்து தங்கும் வீட்டுக்கும் இது உதவாது, ஏனென்றால் ஆறிய செங்கல் சூடேறி அறைக்குக் கதகதப்பு தரப் பல மணி நேரம் ஆகும்.

கொத்தனார் விஷயம் இன்னும் முக்கியம். உள்ளே தீச்செங்கல் (கடும் சூட்டைத் தாங்கும் செங்கல்) கூடு, வெளியே சாதாரணச் செங்கல் உறை, இரண்டுக்கும் நடுவில் சிறு இடைவெளி. உள்கூடு சூட்டில் விரியும்; இடைவெளி விடாமல் ஒட்டிக் கட்டினால் வெளிச்சுவர் பிளந்துவிடும். சாதாரண வீடு கட்டுபவருக்கு இது பழக்கமில்லாத வேலை. அனுபவமுள்ள ஒருவரை வரவழைத்து, உங்கள் பகுதிக் கொத்தனார் இருவரை அவரோடு சேர்ந்து முதல் ஹீட்டரைக் கட்டச் சொல்லுங்கள். அவர்கள் கற்றுக்கொண்டால்தான் பத்தாவது வீடும், அதற்கு அப்பாலும் போகும்.

அதோடு, பார்க்க நன்றாக இருக்கட்டும். நடுவீட்டில் துருப்பிடித்த பீப்பாய் நின்றால், எவ்வளவு நன்றாக எரிந்தாலும் வருகிறவர்கள் முகம் சுளிப்பார்கள். பூசி மெழுகிய சுவரும் உட்கார ஒரு சூடான திண்ணையும் இருந்தால் அவர்களே விசாரிப்பார்கள்.

விறகைப் பற்றி யாரும் போதுமான அளவு பேசுவதில்லை. புதிதாக வெட்டிய மரத்தின் எடையில் பாதி தண்ணீர். கிலோவுக்கு 2 யூனிட்டுக்குச் சற்று மேல்தான் கிடைக்கும், புகையும் தாரும் கூடவே வரும். ஈரப்பதம் 20 சதவீதத்துக்குக் கீழே வந்தாக வேண்டும். கட்டையைப் பிளந்து, மேலே கூரையும் பக்கத்தில் காற்றோட்டமும் உள்ள கொட்டகையில் ஓரிரு ஆண்டு அடுக்கி வையுங்கள். ஈரமானியை வெளிப்பக்கம் குத்திப் பார்த்து ஏமாறாதீர்கள். கட்டையை மறுபடி பிளந்து, புதிதாகத் தெரியும் உள்முகத்தில் குத்திப் பாருங்கள். கொட்டகைக்கு இப்போதே ஏற்பாடு செய்யலாம், ஹீட்டருக்காகக் காத்திருக்க வேண்டாம்.

பற்றவைக்கும்போது பெரிய கட்டைகளைக் கீழே அடுக்கி, சுள்ளியை மேலே வைத்துக் கொளுத்துங்கள். கீழிருந்து கிளம்பும் வாயு மேலே உள்ள கொழுந்தைக் கடந்துதான் போக வேண்டியிருப்பதால் தொடக்கப் புகை வெகுவாகக் குறையும். இதை உங்கள் பழைய அடுப்பிலேயே இன்றிரவு செய்து பார்க்கலாம்.

ஒன்றை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். எவ்வளவு நல்ல ஹீட்டரானாலும் நுண்துகள் கொஞ்சம் வெளியேறத்தான் செய்யும். வீடுகள் நெருக்கியடித்த தெருவாக இருந்தால், காற்று அசையாமல் நிற்கும் குளிர்கால இரவுகளில் பத்துப் புகைபோக்கிகளின் புகை அங்கேயே தேங்கும். அப்படிப்பட்ட இடம் என்றால், வெளியே உள்ள சூட்டை வீட்டுக்குள் இழுத்துத் தரும் மின்சார வெப்பப் பம்பைத்தான் நான் பரிந்துரைப்பேன். வீடுகள் தள்ளித் தள்ளி இருந்து, விறகும் பக்கத்திலேயே கிடைத்தால் தயங்காமல் இறங்குங்கள்.

முதல் ஹீட்டரை எரிக்கத் தொடங்கியதும் தினமும் எரித்த விறகை எடை போட்டு, அறையின் காலை, மாலை வெப்பநிலையோடு ஒரு நோட்டில் எழுதி வாருங்கள். அதே குளிர்காலத்தில் பழைய அடுப்போடு இருக்கும் இன்னொரு வீட்டிலும் இப்படியே எழுதச் சொல்லுங்கள். அடுத்த அனுமதிக்குப் போகும்போது அந்த இரண்டு நோட்டும் கையில் இருக்கட்டும். கார்பன் மோனாக்சைடு (மணமே இல்லாத நச்சு வாயு) அலாரம் இல்லாமல் முதல் தீ மூட்டக் கூடாது. தணலிலிருந்தும் அந்த வாயு வரும் என்பதால், புகைபோக்கி அடைப்புத் தகட்டைத் தணல் முழுவதும் அணைந்த பிறகே மூட வேண்டும் என்பதை வீட்டில் எல்லோருக்கும் சொல்லிக் கொடுங்கள்.