தலை அரிப்பும் தளரும் கைகளும்

கேள்வி: அம்மாவுக்கு வயது 52. ஏழு மாதமாகத் தலையில் தூங்கவிடாத அரிப்பு, எரிச்சல். பொடுகு என்று நினைத்து கீட்டோகொனசோல் ஷாம்பூ போட்டும் அடங்கவில்லை. இப்போது கையைத் தூக்கித் தலை வாரவே சிரமப்படுகிறார். இரண்டுக்கும் தொடர்பு உண்டா?

பதில்: இருக்கலாம். தள்ளிப்போடாமல் மருத்துவரிடம் காட்டுங்கள். உடலின் எதிர்ப்பு சக்தியே தோலையும் தசையையும் தாக்கும் டெர்மட்டோமயோசைட்டிஸ் என்ற நோய் சில நேரம் இப்படித் தொடங்குகிறது. பொடுகென்றும் சொரியாசிஸ் என்றும் எண்ணி மாதக்கணக்கில் காலம் போய்விடுவதுதான் வருத்தம்.

பொடுகுச் செதில் எண்ணெய்ப்பசையோடு மஞ்சளாக இருக்கும். சொரியாசிஸில் செதில் தடித்து வெள்ளி நிறமாக, எல்லை தெளிவாகத் தெரியும். டெர்மட்டோமயோசைட்டிஸில் தலை முழுக்க ஊதா கலந்த சிவப்பு பரவி, மெல்லிய உலர்ந்த செதில் உதிரும். கருநிறத் தோலில் அந்தச் சிவப்பு எளிதில் தெரியாது, கருமையாகத்தான் படும். அதனால் தலையோடு நிறுத்தாமல் மேல் இமையில் ஊதா நிறமும் வீக்கமும், விரல் கணுக்களின் மேல் தடிப்பு, நகத்தை ஒட்டிய அடித்தோலில் பிசிறு, சிவப்புக் கோடுகள், பிடரியிலும் தோளிலும் படை இருக்கின்றனவா என்று பாருங்கள்.

தசையைப் பொறுத்தவரை தோளும் தொடையும்தான் முதலில் தளரும். கையை ஊன்றாமல் நாற்காலியிலிருந்து எழ முடிகிறதா என்று பாருங்கள். விழுங்கும்போது புரையேறினாலோ மூச்சு வாங்கினாலோ அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

ரத்தத்தில் சிகே (தசை சிதைந்தால் கூடும் நொதி) அளவு சரியாக இருப்பதால் மட்டும் நோய் இல்லை என்றாகிவிடாது. தசையைத் தொடாமல் தோலை மட்டும் தாக்கும் வகையும் உண்டு. தோலில் சிறு துண்டெடுத்துப் பார்க்கும் பயாப்சியில், எதிர்ப்பு சக்தி உடலையே தாக்கும் இன்னொரு நோயான லூபஸும் இதுவும் ஒன்றுபோலவே தெரியக்கூடும். ஆகவே மயோசைட்டிஸ் ஆன்டிபாடி (இந்த வகை நோயில் ரத்தத்தில் காணப்படும் எதிர்ப்புப் புரதம்) பரிசோதனையையும் கேளுங்கள். பெரியவர்களுக்கு இந்த நோயோடு புற்றுநோயும் சேர்ந்திருக்க வாய்ப்புண்டு. நோய் தொடங்கிய முதல் 3 ஆண்டுகளில் அந்த வாய்ப்பு அதிகம் என்பதால் அதற்கான பரிசோதனைகளை விட்டுவிடக் கூடாது.

கேள்வி: எனக்கு இதே நோய். மாத்திரையில் தசை பலம் திரும்பிவிட்டது. தலை அரிப்பு மட்டும் போகவில்லை. கொட்டிய முடி வருமா?

பதில்: தசை தேறினாலும் தோல் அதே வேகத்தில் தேறுவதில்லை. தலைக்குத் தனியே வைத்தியம் வேண்டும். மருத்துவர் குளோபெட்டசால் 0.05% என்ற ஸ்டீராய்டு திரவம் எழுதித் தந்திருந்தால், முடியை வகிடு வகிடாகப் பிரித்து, தோலில் சொட்டுவிட்டு விரல் நுனியால் தேயுங்கள். பலர் முடியின் மேலேயே ஊற்றிவிடுகிறார்கள், மருந்து தோலைச் சேர்வதே இல்லை. சொறிந்த புண் இருந்தால் ஆல்கஹால் கலந்த திரவம் எரியும். அப்போது வேறு வடிவம் கேளுங்கள். 2 வாரத்துக்கு மேல் நீங்களாகத் தொடர வேண்டாம்.

அலர்ஜி மாத்திரைகள் இந்த அரிப்புக்குப் பெரிதாக உதவுவதில்லை. அரிப்பில் நரம்புக்கும் பங்கிருப்பதால் சிலருக்கு காபாபென்டின் என்ற நரம்பு மருந்து தருகிறார்கள். தோல் அழற்சியைத் தணிக்க ஹைட்ராக்ஸிகுளோரோகுயின் மாத்திரை கொடுத்தால் நாளொன்றுக்கு ஒரு கிலோ எடைக்கு 5 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது, கண் பரிசோதனையும் அவசியம். இந்த நோயாளிகளுக்கு அந்த மருந்தாலேயே புதுப் படை வருவது சற்று அதிகம். எதிர்ப்பு சக்தியை அடக்கும் மெத்தோட்ரெக்சேட் மாத்திரை என்றால் வாரம் ஒரு நாள் மட்டுமே. தவறுதலாகத் தினமும் சாப்பிடுவது உயிருக்கே ஆபத்து.

வெயில் நோயைக் கிளறும். வகிட்டுக் கோடு நேராக வெயில் வாங்கும் இடம், அடர்ந்த நெசவுத் தொப்பியால் மூடுங்கள்.

இந்த நோயில் பெரும்பாலும் முடிவேரில் தழும்பு விழுவதில்லை. அழற்சி அடங்கிய சில மாதங்களில் முடி திரும்ப முளைக்கும். வழுவழுப்பாக, முடித்துளையே தெரியாத திட்டுகள் இருந்தால் மட்டும் லூபஸா என்று மறுபடி பார்க்கச் சொல்லுங்கள்.