ஒரே பெயரில் இரண்டு ஆல்பம்: வாசகர் கேள்வி-பதில்

கேள்வி: சார், 1988-ல் ஊட்டியில் படித்தபோது அறை நண்பன் கொடுத்த 90 நிமிட கேசட்டில் ஒரு பக்கம் முழுக்க அமெரிக்க ராக் குழுவான மோட்லி க்ரூவின் முதல் ஆல்பம் 'டூ ஃபாஸ்ட் ஃபார் லவ்' இருந்தது. தேயத் தேயக் கேட்டேன், கடைசியில் பூசணம் பிடித்துப் போய்விட்டது. இப்போது மகன் அதன் மறுவெளியீட்டு சிடி ஒன்றைப் பழைய கடையில் வாங்கி வந்தான். ஒன்பது பாட்டு முடிந்ததும் நான் கேட்டே இராத 'ஸ்டிக் டு யுவர் கன்ஸ்' வருகிறது. "அது முதல் ஆல்பத்துலயே இருந்த பாட்டு, நீங்க மறந்துட்டீங்க மாப்ளே" என்கிறார் மச்சான். யார் சொல்வது சரி? பாட்டெல்லாம் கொஞ்சம் வேகமாக ஓடுவதுபோலவும் இருக்கிறதே?
- ஒரு வாசகர், குன்னூர்

பதில்: ரெண்டு பேரும் சரி, சண்டை வேண்டாம். அந்தப் பெயரில் இரண்டு ஆல்பம் இருக்கிறது, அதுதான் விஷயம்.

1981 கடைசியில், பெரிய கம்பெனி எதுவும் கைகொடுக்காத நிலையில், லெதர் ரெக்கார்ட்ஸ் என்று தாங்களே ஒரு பெயர் வைத்துக்கொண்டு லாஸ் ஏஞ்சல்ஸில் சொந்தமாக வெளியிட்டார்கள். அதில் பத்து பாட்டு. அடுத்த வருஷமே எலெக்ட்ரா கம்பெனி எடுத்துக்கொண்டது. எடுத்ததோடு விடாமல், குவீன் குழுவுக்கு 'போஹீமியன் ராப்சடி' செய்துகொடுத்த ராய் தாமஸ் பேக்கரைக் கூப்பிட்டு மறுபடி மிக்ஸ் செய்யவைத்து, பாட்டு வரிசையைக் கலைத்து, 'ஸ்டிக் டு யுவர் கன்ஸ்' பாட்டையே தூக்கிவிட்டார்கள். வேடிக்கை என்னவென்றால் அதுதான் இந்தக் குழுவின் முதல் சிங்கிள், அதாவது பக்கத்துக்கு ஒரு பாட்டாகத் தனியே வந்த சின்ன ரெக்கார்டு. தலைப்பிள்ளையை வீட்டில் விட்டுவிட்டுக் குடும்பப் போட்டோ எடுத்த கதை.

அப்புறம் உலகம் கேட்டது பெரும்பாலும் இந்த ஒன்பது பாட்டுப் பதிப்பைத்தான், உங்கள் கேசட்டும் அதிலிருந்து வந்ததாகத்தான் இருக்கும். 1999-ல் மறுவெளியீடு வந்தபோது விட்டுப்போன பிள்ளையைக் கூட்டிவந்து கடைசியில் நிறுத்தினார்கள். கூடவே அந்த சிங்கிளின் மறுபக்கமான 'டோஸ்ட் ஆஃப் த டவுன்', மேடையில் பாடிய 'மெர்ரி கோ ரவுண்ட்' எல்லாம் சேர்ந்தன. மகன் வாங்கியது அந்த வகையாகத்தான் தெரிகிறது.

எந்தப் பதிப்பு என்று கண்டுபிடிக்க ஒரு சுலபமான வழி சொல்கிறேன். முதல் பாட்டு இரண்டிலுமே 'லைவ் ஒயர்'. அது முடிந்து 'பப்ளிக் எனிமி நம்பர் ஒன்' வந்தால் 1981, 'கம் ஆன் அண்ட் டான்ஸ்' வந்தால் 1982. அட்டையில் 'ரீமாஸ்டர்' என்று எவ்வளவு பெரிதாகப் போட்டிருந்தாலும் இதைப் பாருங்கள், ஏனென்றால் மிக்ஸ் வேறு, மாஸ்டரிங் வேறு. குன்னூர்க்காரருக்குத் தேயிலையை வைத்தே சொல்லிவிடலாம்: மிக்ஸ் என்பது எந்தத் தூள் எவ்வளவு என்று கலப்பது, மாஸ்டரிங் அந்தத் தூளில் டீ போடுவது. தூளை மாற்றாமல் எத்தனை கொதி விட்டாலும் அதே டீதான், கடுப்பு மட்டும் ஏறும். இப்போது வருகிற ரீமாஸ்டர்கள் பலதும் இப்படிக் கொதித்துக் கடுத்தவைதான்.

எனக்குப் பிடித்தது எது? 'லைவ் ஒயர்' பேக்கர் கைபட்டதும் நன்றாகவே உட்கார்ந்தது, டிரம்ஸோடு சேர்த்துத் தட்டுகிற அந்தக் கவ்பெல் மணி வருகிற இடத்தில் இன்றைக்கும் எனக்குக் கால் நிற்காது. ஆனால் 'ஸ்டாரி ஐஸ்' பாட்டை 1981 பதிப்பில் கேளுங்கள். பக்கத்து வீட்டு மாடியில் நாலு பையன்கள் வாசிப்பதுபோல இருக்கும், வின்ஸ் நீலின் குரல் அங்கங்கே பிசிறடிக்கும், மிக் மார்ஸின் கிட்டார் காதை அறுக்கும். அந்தப் பிசிறை எடுத்தால் பாட்டே போச்சு என்பது என் கட்சி. பணக்கார ஆல்பம் வேண்டுமென்றால் இதே ஆட்கள் பின்னால் எத்தனையோ செய்திருக்கிறார்கள்.

வேகம்? அதில் சிடி மேல் குற்றமில்லை. உங்கள் பழைய டூ-இன்-ஒன்னில் பெல்ட் தளர்ந்து மெதுவாகச் சுற்றியிருக்கும். அல்லது கேசட்டுக்கு ஏற்றிக் கொடுத்தவருடைய டெக் வேகமாகச் சுற்றியிருக்கும். இருபது வயதில் மனதில் பதிந்த வேகம்தான் சரியான வேகம் என்று தோன்றுகிறது, என்ன செய்ய!

கேள்வி: மோட்லி க்ரூ பெயரில் எழுத்தின் தலையில் இரண்டு இரண்டு புள்ளி எதற்கு? லிப்ஸ்டிக் பூசிக்கொண்டு வருகிறவர்களை முரட்டு ராக்கான மெட்டல் என்று எப்படி ஒப்புக்கொள்வது?
- கல்லூரி மாணவர், ஊட்டி

பதில்: ஒரு ஜெர்மன் பீர் பாட்டிலின் பெயரைப் பார்த்து ஆசைப்பட்டு வைத்த புள்ளிகள். நமக்குத் தலையில் புள்ளி வைத்தால் உயிர் போய் மெய்யாகிவிடும், அவர்களுக்கு வெறும் ஜோடனை. லிப்ஸ்டிக்குக்கு: கூத்தில் அரிதாரம் இல்லாமல் துரியோதனன் வந்தால் நீங்கள் உட்கார்ந்து பார்ப்பீர்களா? இதே ரக இன்னொரு குழுவான பாய்சனின் 1986 முதல் ஆல்பம் அட்டையில் நாலு முகமும் மணமகள் அலங்காரம்தான். கண்ணை மூடிக்கொண்டு கேளுங்கள், பிறகு சொல்லுங்கள்.

கேள்வி: அப்பா சேர்த்துவைத்த எல்பி ரெக்கார்டுகளில் வெள்ளையாகப் பூசணம். ஆடிச் சாரலுக்குப் பிறகு இன்னும் மோசம். துடைக்கலாமா?
- ஒரு வாசகி, கோத்தகிரி

பதில்: துடைக்கலாம், அவசரப்படாமல். மூக்கில் துணி கட்டிக்கொண்டு முதலில் வாசலில் வைத்து மெத்தென்ற பிரஷால் தட்டிவிடுங்கள். டிஸ்டில்டு வாட்டரில் ஒரே ஒரு சொட்டு பாத்திரம் கழுவும் திரவம் போட்டு, மைக்ரோஃபைபர் துணியில் நனைத்து, கோடு போகிற போக்கிலேயே வட்டமாகத் துடையுங்கள், குறுக்கே வேண்டாம். நடுவில் ஒட்டியிருக்கும் லேபிள் நனையக் கூடாது. 78 வேக அரக்கு ரெக்கார்டு ஏதாவது இருந்தால் அதன் பக்கம் ஸ்பிரிட்டே போகாதீர்கள், கரைந்துவிடும்.

நம் மலையில் துணி பீரோவுக்குள் ஜீரோ வாட்ஸ் பல்பு எரியவிடுவோம் இல்லையா, அதை ரெக்கார்டுக்கும் செய்யலாம். ஆனால் பல்பு அடித்தட்டில் ஒரு மூலையில், ரெக்கார்டு மேல்தட்டில் நிமிர்ந்த வாக்கில். நான் பக்கத்தில் வைத்து ஒரு ரெக்கார்டை அப்பளமாக்கியிருக்கிறேன். பூசணம் பிடித்த கேசட் இருந்தால் அதை நல்ல டெக்கில் மட்டும் போட்டுவிடாதீர்கள், ஹெட்டில் ஒட்டிக்கொண்டு அடுத்த கேசட்டுக்கும் போகும்.