ஒன்றுபோல் தோன்றும் வெப்பமண்டலப் பட்டாம்பூச்சிகளை ஒளிப்படத்தைக் கொண்டு பிரித்தறிவது எப்படி?

நிறத்தை நம்புவதுதான் முதல் தவறு. ஒளியும் கேமராவும் நிறத்தை மாற்றிவிடும். புள்ளிகளின் எண்ணிக்கையும் அவை அமைந்துள்ள இடமும் அப்படி எளிதில் மாறுவதில்லை.

நச்சுத்தன்மையால் பறவைகள் தவிர்க்கும் டானாஸ் கிரைசிப்பஸ் என்ற ஆரஞ்சு நிறப் பட்டாம்பூச்சியை, ஹைப்போலிம்னாஸ் மிசிப்பஸ் இனத்தின் பெண் பூச்சி அச்சு அசலாகப் போலி செய்கிறது. ஆனால், முன்னதன் பின்சிறகின் நடுப்பகுதியில் பெண்ணுக்கு மூன்றும், வாசனை பரப்பும் கருந்திட்டையும் சேர்த்தால் ஆணுக்கு நான்கும் கரும்புள்ளிகள் இருக்க, போலியின் பின்சிறகிலோ மேல்விளிம்பை ஒட்டி ஒரே ஒரு புள்ளிதான் தென்படும். மிசிப்பஸின் ஆணைக் குறித்து இந்தக் குழப்பமே எழாது. அது கறுப்பில் பெரிய வெண்புள்ளிகள் கொண்டது.

சிறிய மஞ்சள் நிற யூரிமா இனங்களுக்குச் சிறகின் அடிப்புறப் படம் இன்றியமையாதது. முன்சிறகில் நரம்புகளால் சூழப்பட்ட நடு அறையில் யூரிமா ஹெகாபே இனத்துக்குப் பொதுவாக இரண்டு குறிகளும் யூரிமா பிளாண்டா இனத்துக்கு மூன்றும் இருக்கும். சிறகை மூடி அமரும்போது முன்சிறகின் ஒரு பகுதி மறைந்துவிடுவதால், எண்ணும்முன் அந்த அறை முழுதும் தெரிகிறதா என்று பார்க்க வேண்டும்.

பருவத்தையும் மறக்கலாகாது. மெலானிட்டிஸ் லெடா என்ற பட்டாம்பூச்சியின் சிறகடிப்புறத்தில் மழைக்காலத்தில் தெளிவாகத் தெரியும் கண்புள்ளிகள் வறண்ட காலத்தில் ஏறத்தாழ மறைந்துவிடுவதால், ஒரே இனத்தை இரண்டாக எண்ணிவிட நேரும். ஆகவே, படத்துடன் நாளையும் இடத்தையும் குறித்துவையுங்கள். பக்கவாட்டிலிருந்து ஒன்று, மேலிருந்து ஒன்று என இரு படங்களாவது எடுங்கள். அப்படியும் தெளிவாகாவிட்டால், இனத்தின் பெயரைச் சொல்லாமல், நெருங்கிய இனங்களை உள்ளடக்கிய பேரினத்தின் பெயரோடு நிறுத்திக்கொள்வதே நேர்மை.