அக்ரிலிக் பிளாட்டருக்கு மாறலாமா?

கேள்வி: என்னிடம் இருப்பது பெல்ட் டிரைவ் டர்ன்டேபிள். இசைத்தட்டை வைத்துச் சுழற்றும் பிளாட்டர் அலுமினியம், அதன் மேல் மெல்லிய ஃபெல்ட் (கம்பளி போன்ற துணி) மேட். பிளாட்டரை விரலால் சுண்டினால் மணி மாதிரி ஒலிக்கிறது. பாட்டிலும் ‘ஸ’, ‘ச’ வரும் இடங்களும் சிம்பல் ஒலியும் காதைக் குத்துகின்றன. அதே கம்பெனி தரும் அக்ரிலிக் பிளாட்டரை வாங்கிப் போட்டால் சரியாகுமா?

பதில்: பிளாட்டர் எதனால் ஆனது என்பது சத்தத்தில் தெரியும், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் நீங்கள் சொல்லும் குத்தல் முதலில் ஊசிப் பக்கம் சந்தேகப்பட வேண்டிய விஷயம். ஒன்று கவனியுங்கள்: இசைத்தட்டின் முதல் பாட்டில் சுத்தமாக இருந்து, லேபிளை நெருங்கும் கடைசிப் பாட்டில் ‘ஸ’ சிதறுகிறதா? அப்படியானால் காரணம் கார்ட்ரிட்ஜ் (ஊசியைத் தாங்கும் சின்னப் பெட்டி) பொருத்திய கோணம், ஊசி அழுத்தம், அல்லது ஊசியின் தேய்மானம். எந்த பிளாட்டரும் அதைத் தீர்க்காது. முதல் பாட்டிலிருந்தே ஒரே மாதிரி குத்தினால் மட்டும் மேலே படியுங்கள்.

தட்டில் உள்ள பள்ளம் ஊசியை ஆட்டும்போது, ஊசியும் பதிலுக்கு வினைலை, அதாவது தட்டின் பிளாஸ்டிக்கை, ஆட்டுகிறது. அந்த அதிர்வு தட்டு முழுக்கப் பரவும். எங்கேயாவது உறிஞ்சப்பட்டால் நல்லது. இல்லையென்றால் ஒரு பங்கு திரும்பி ஊசிக்கே வந்து, பதிவில் இல்லாத ஒரு சின்ன வாலை ஒவ்வொரு ஒலியோடும் ஒட்டிவிடும். அக்ரிலிக்கின் பெயர் பெரிதானது இந்த இடத்தில்தான். ஒரு பொருளின் அடர்த்தியையும் அதனுள் ஒலி ஓடும் வேகத்தையும் பெருக்கினால் வரும் அளவு, வினைலுக்கும் அக்ரிலிக்குக்கும் கிட்டத்தட்ட ஒன்றே. அலுமினியத்துக்கு அது ஏறக்குறைய 5 மடங்கு. இந்த அளவு ஒத்துப்போனால் அதிர்வு எல்லையைத் தாண்டிக் கீழே போய்விடும். ஒத்துப்போகாவிட்டால் நிறையத் திரும்பி வரும்.

கணக்கு சரிதான். ஆனால் அதற்கு வினைலும் அக்ரிலிக்கும் முழுக்க ஒட்டியிருக்க வேண்டும். ஒரு எல்பியின் (பெரிய இசைத்தட்டின்) மேல் ஸ்டீல் ஸ்கேலைக் குறுக்கே வைத்து, கண் மட்டத்தில் வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்துப் பாருங்கள். பல தட்டுகளில் லேபிள் பகுதியும் வெளி விளிம்பும் தடித்திருக்கும், இடையில் பள்ளங்கள் உள்ள பரப்பு சற்றுத் தாழ்ந்திருக்கும். ஸ்கேலுக்கு அடியில் மெல்லிய வெளிச்சக் கீற்று தெரியும். தட்டுகளை ஒன்றன் மேல் ஒன்றாக விழவைத்த ரெக்கார்ட் சேஞ்சர் காலத்தில், பள்ளங்கள் உரசாமல் இருக்க வந்த வடிவம் இது. தட்டின் கீழ்ப்பக்கமும் அப்படித்தான். ஆக, அப்படிப்பட்ட எல்பியைத் தட்டையான அக்ரிலிக் மேல் வைத்தால் பள்ளங்களுக்கு அடியில் இருப்பது பெரும்பாலும் காற்று. லேபிளுக்கு மட்டும் குழிவு விட்ட பிளாட்டரும், மேலிருந்து அழுத்தும் கிளாம்ப்பும் சேர்ந்தால் நிலைமை மேம்படும்.

அதனால்தான் தட்டைத் தொடும் மேட் எது என்பதை பிளாட்டரை விட முக்கியமாக நினைக்கிறேன். ஃபெல்ட் அதிர்வை அதிகம் உறிஞ்சாது, உலோகத்தின் மணியோசையையும் அடக்காது. கனமான ரப்பரோ கார்க்-ரப்பர் கலவையோ இரண்டையும் செய்யும். டெக்னிக்ஸ் எஸ்எல்-1200 டர்ன்டேபிளின் பிளாட்டர் அலுமினியம்தான், ஆனால் அடியிலும் ரப்பர், மேலேயும் தடித்த ரப்பர் மேட். அதைச் சுண்டிப் பாருங்கள், ‘டொக்’ என்று நின்றுவிடும். எதிர் உதாரணமும் உண்டு: ரேகா பிளானர் 3 கண்ணாடி பிளாட்டரையும் ஃபெல்ட்டையும் வைத்தே நல்ல பெயர் வாங்கியது. பொருளின் பெயரை மட்டும் வைத்துத் தீர்ப்பு எழுத முடியாது.

வெறும் பிளாட்டரைச் சுண்டிப் பார்ப்பதை விட நல்ல சோதனை இது. மோட்டாரை நிறுத்திவிட்டு, ஒரு பழைய தட்டின் மேல் ஊசியை இறக்கி, வால்யூமை வழக்கத்தை விடக் கொஞ்சம் குறைத்து வையுங்கள். பென்சிலின் ரப்பர் முனையால் பிளாட்டர் விளிம்பை மெதுவாகத் தட்டுங்கள். ஸ்பீக்கரில் வருவது குட்டையான ‘தொப்’பா, நீளும் ரீங்காரமா? மேட்டை மாற்றி மறுபடி தட்டுங்கள். வித்தியாசம் உடனே தெரியும்.

அப்புறம், எடை. பிளாட்டரின் எடை எவ்வளவுக்கு விளிம்புப் பக்கம் இருக்கிறதோ அவ்வளவுக்கு வேகம் சீராக இருக்கும். அதே எடையைச் சீரான வட்டமாகப் பரப்புவதை விட முழுவதையும் விளிம்பில் வைத்தால் சுழல் நிலைமம் (சுழலும் வேகம் மாறுவதை எதிர்க்கும் குணம்) இரட்டிப்பாகும். அதற்காக, கம்பெனி சொன்னதை விடக் கனமானதைப் போட்டால் பேரிங் தேயும். ஸ்பிரிங்கில் மிதக்கும் வகை என்றால் மட்டமே தப்பிவிடும். உங்களுக்கு வரப்போவது அதே மாடலுக்கானது என்பதால் இந்தப் பயம் குறைவு.

எஃகும் இரும்பும் வேறு தலைவலி. சில மூவிங் காயில் (ஊசியோடு கம்பிச் சுருள் அசையும் வகை) கார்ட்ரிட்ஜ்களில் உள்ள வலுவான காந்தத்தை அவை கீழே இழுத்து ஊசி அழுத்தத்தைக் கூட்டிவிடும். தோரன்ஸ் டிடி 124-இன் வார்ப்பிரும்பு பிளாட்டரில் இது தெரிந்த சங்கதி. அலுமினியத்திலும் அக்ரிலிக்கிலும் இந்தத் தொல்லை இல்லை.

பலரும் ஏமாறுவது உயரத்தில். சுமார் 23 செ.மீ. நீள டோன்ஆர்மில் (கார்ட்ரிட்ஜைத் தாங்கும் கை), தட்டின் மட்டம் 4 மி.மீ. மாறினால் ஊசியின் கோணம் ஏறக்குறைய 1 டிகிரி மாறும். அக்ரிலிக் போட்டதும் “ஒலி இதமாகிவிட்டது” என்பவர்களில் சிலர் கேட்பது இந்தக் கோண மாற்றத்தைத்தான். உங்கள் டோன்ஆர்மை ஏற்றி இறக்க வழி இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் பழைய பிளாட்டர், மேட் இரண்டின் மொத்தத் தடிமனும் புதிய பிளாட்டரின் தடிமனும் ஒன்றா என்று வாங்குமுன் அளந்துவிடுங்கள்.

என் யோசனை: முதலில் 3 மி.மீ. கார்க்-ரப்பர் மேட் ஒன்றைப் போட்டு, உயரத்தையும் ஊசி அழுத்தத்தையும் சரிசெய்து, நன்றாகத் தெரிந்த நாலைந்து தட்டுகளைக் கேளுங்கள். பென்சில் சோதனையில் ரீங்காரம் அப்போதும் நீண்டால் அக்ரிலிக் வாங்குவதில் நியாயம் உண்டு. வாங்கினால் ஃபெல்ட்டை எடுத்துவிட்டு, கிளாம்ப்போடு போடுங்கள். அக்ரிலிக்கில் நிலைமின்சாரம் சேரும், ஒரு கார்பன் ஃபைபர் பிரஷ் கூடவே இருக்கட்டும்.