நெஞ்செரிச்சல் இல்லாத தொண்டை அடைப்புக்கு அமில மாத்திரை கேட்குமா?

கேள்வி: எனக்கு வயது 46, பள்ளி ஆசிரியை. எட்டு மாதங்களாகத் தொண்டையில் ஏதோ அடைத்திருப்பது போலவே இருக்கிறது, ஓயாமல் செருமுகிறேன். குழாய் விட்டுப் பார்த்த மருத்துவர், தொண்டை சிவந்திருப்பதாகவும் அமிலம் மேலேறுவதாகவும் சொல்லி, பான்டோப்ரசோல் 40 எழுதிக் கொடுத்தார். மூன்று மாதங்களாகியும் குறையவில்லை. நெஞ்செரிச்சல் எனக்கு எப்போதுமே இருந்ததில்லை. மாத்திரையை இருவேளையாக்கலாமா? இது யாருக்குக் கேட்கும் என்பது முன்கூட்டியே தெரியாதா?

பதில்: ஓரளவு தெரியும். நெஞ்செரிச்சல் இல்லை என்று நீங்கள் எழுதியிருப்பதே அதற்கான முக்கியமான தடயம். தொண்டைத் தொல்லையோடு நெஞ்செரிச்சலோ, உண்டது புளிப்பாக எதுக்களித்து வருவதோ சேர்ந்திருப்பவர்களுக்கே அமிலச் சுரப்பைக் குறைக்கும் மாத்திரை பலன் தரும் வாய்ப்பு அதிகம். உடல் பருமனும், இரைப்பையின் மேற்பகுதி உதரவிதானத்தைத் தாண்டி மார்புப் பக்கம் ஏறியிருப்பதும் அமிலமே காரணம் என்ற சந்தேகத்தை வலுப்படுத்தும். தொண்டையில் மட்டுமே தொல்லை உள்ளவர்களுக்கு நம்பிக்கை குறைவு. பிரிட்டனில் நீடித்த தொண்டைத் தொல்லை உள்ள 346 பேரிடம் நடத்தப்பட்டு 2021-இல் வெளியான ஆய்வில், ஒரு சாராருக்கு உங்கள் மாத்திரையின் வகையைச் சேர்ந்த லான்சோப்ரசோல் 30 மில்லிகிராம் தினமும் இருவேளையாக 16 வாரங்கள் கொடுக்கப்பட்டது. மறு சாராருக்கு மருந்தே இல்லாத போலி மாத்திரை. இரு சாராருக்குமே தொல்லை ஏறக்குறைய ஒரே அளவில்தான் குறைந்தது. உங்களுக்குத் தெரிந்த யாராவது இம்மாத்திரையால் தொண்டை சரியானதாகச் சொன்னால், காலப்போக்கில் தானாகவே குறைந்ததாகவும் இருக்கலாம் என்பதை நினைவில் வையுங்கள்.

குழாய் வழியே தெரிந்த சிவப்பை மட்டும் வைத்து அமிலம் என்று முடிவு கட்டவும் முடியாது. நாள் முழுவதும் வகுப்பில் குரலை உயர்த்திப் பேசுபவருக்கும், ஒவ்வாமையால் சளி பின்தொண்டையில் இறங்குபவருக்கும், எந்தத் தொல்லையும் இல்லாத சிலருக்கும்கூட அதே சிவப்பு தெரியும். செருமச் செரும குரல்நாண்கள் மோதிக்கொண்டு வீங்கும். அந்த வீக்கமே மறுபடியும் செருமத் தூண்டும்.

ஆகவே, நீங்களாக இருவேளையாக்க வேண்டாம். அதற்கு முன் மாத்திரையை எப்போது விழுங்குகிறீர்கள் என்று பாருங்கள். உணவுக்கு அரை மணி முதல் ஒரு மணி நேரத்துக்கு முன் எடுத்தால்தான், சாப்பிடும்போது முடுக்கிவிடப்படும் அமிலச் சுரப்பை அது தடுக்கும். சாப்பிட்ட பிறகோ, படுக்கப் போகும்போதோ போட்டுக்கொண்டு பலனில்லை என்பவர்கள் ஏராளம். மருந்துச் சீட்டில் ‘சாப்பாட்டுக்கு முன்’ என்று ஒரு வரி எழுதவோ, அதை வாயால் சொல்லவோ நம் மருத்துவமனைகளில் யாருக்கும் நேரம் கிடைப்பதில்லை.

நான் அஞ்சுவது இதற்கடுத்த கட்டத்தைத்தான். ஒரு மாத்திரை கேட்கவில்லை என்றதும், மருந்துக்கடையிலேயே ‘இதைவிட நல்ல கேஸ் மாத்திரை’ என்று இரைப்பை இயக்கத்தை முடுக்கும் டோம்பெரிடோனோ லெவோசல்பிரைடோ கலந்த கேப்ஸ்யூலை எடுத்துக் கொடுத்துவிடுகிறார்கள். டோம்பெரிடோன் சிலருக்கு இதயத் துடிப்பின் சீரைக் கெடுக்கும். லெவோசல்பிரைடை மாதக்கணக்கில் விழுங்கிய முதியவர்கள் கை நடுக்கத்தோடும் தளர்ந்த நடையோடும் நரம்பியல் மருத்துவரிடம் போய் நிற்பதை நான் திரும்பத் திரும்பப் பார்க்கிறேன். பழைய அட்டையைக் காட்டினாலே மறு அட்டை கிடைக்கிறது. சீட்டில்லாமல் விற்கக் கூடாது என்ற விதி காகிதத்தோடு நின்றுவிடுகிறது. எந்த உணவு ஒத்துக்கொள்ளவில்லை என்று ஒரே ரத்தப் பரிசோதனையில் நீண்ட பட்டியல் தரும் முகாம்களுக்கும் பணத்தைக் கொட்டாதீர்கள். அந்தப் பட்டியல் தொண்டைக்கு வழி சொல்லாது.

தொண்டைக்குப் பலனில்லை என்பதற்காக எல்லோரும் இந்த மாத்திரையை நிறுத்திவிடக் கூடாது. இதய அடைப்புக்காக, ரத்தம் உறைவதைத் தடுக்கும் ஆஸ்பிரினும் குளோபிடோக்ரெலும் சேர்த்து எடுப்பவர்கள், இரைப்பைப் புண்ணில் ரத்தம் கசிந்தவர்கள், மூட்டுவலிக்கு நெடுநாள் வலி மாத்திரை விழுங்கும் முதியவர்கள் ஆகியோருக்கு இது தொண்டைக்காக அல்ல, வயிற்றில் ரத்தக் கசிவைத் தடுக்கவே எழுதப்படுகிறது. அதை நிறுத்துவதோ, ஒமெப்ரசோல் போன்ற இன்னொன்றுக்கு மாற்றுவதோ அதை எழுதிக் கொடுத்த மருத்துவரின் முடிவாக மட்டுமே இருக்க வேண்டும். ஒமெப்ரசோலும் ஈசொமெப்ரசோலும் குளோபிடோக்ரெலின் வேலையைக் குறைக்கக்கூடியவை. வீட்டில் யாருக்காவது இப்படி எழுதப்பட்டிருந்தால், இந்தப் பதிலைக் காட்டி அவர்களின் மாத்திரையை நிறுத்திவிடாதீர்கள்.

உங்களைப் போல நெஞ்செரிச்சல் இல்லாதவர்களுக்கு, மாத்திரையைக் கூட்டுவதற்கு முன் அமிலம் மேலேறுகிறதா என்று அளந்து பார்ப்பதே முறை. மூக்கின் வழியே மெல்லிய குழாயை உணவுக்குழாய்க்குள் இறக்கி, இடுப்பில் ஒரு பதிவுக் கருவியோடு 24 மணி நேரம் அளப்பார்கள். ‘24 மணி நேர pH-இம்பீடன்ஸ் பரிசோதனை’ என்பது இதன் பெயர். தொல்லை தோன்றும்போதெல்லாம் பொத்தானை அழுத்த வேண்டும். முதன்முறை அளப்பதானால் பொதுவாக ஒரு வாரம் முன்பே மாத்திரையை நிறுத்தச் சொல்வார்கள். மாதக்கணக்கில் மாத்திரை எழுதத் தயங்காத நம் மருத்துவத் துறை, இந்த ஒரு பரிசோதனையைப் பெருநகரங்களுக்கு வெளியே எளிதில் கிடைக்கச் செய்யவில்லை என்பது எனக்குப் பெரும் வருத்தம். குடல் மருத்துவரிடம் இதைப் பெயர் சொல்லியே கேளுங்கள். சாதாரண எண்டோஸ்கோபி சரியாக இருப்பதாலேயே அமிலம் ஏறவில்லை என்று ஆகிவிடாது.

அளவு இயல்பாக இருந்தால், மருத்துவர் சொல்லும் முறைப்படி மாத்திரையைப் படிப்படியாக விட்டுவிடலாம். சட்டென்று விட்டால் சில வாரங்களுக்கு அமிலம் கூடுதலாகச் சுரந்து, இதுவரை இல்லாத எரிச்சல்கூடத் தோன்றும். அதை நோய் என்று எண்ணி மறுபடி தொடங்க வேண்டாம். அதன்பின் பேச்சு, குரல் பயிற்சியாளரைப் பாருங்கள். செரும வேண்டும் என்று தோன்றும்போது ஒரு மிடறு தண்ணீர் விழுங்கப் பழகுங்கள். இதற்கிடையே விழுங்குவதில் சிரமம், காரணமின்றி எடை குறைதல், கழுத்தில் கட்டி, நான்கு வாரங்களைத் தாண்டிய குரல் கம்மல் ஆகியவற்றில் எது தோன்றினாலும், பழைய பரிசோதனையை நம்பி இராமல் காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் உடனே குரல்வளையை மறுபடியும் காட்டுங்கள்.