எண்ணெய் பீப்பாயில் செய்யும் தாளக்கருவியான ஸ்டீல்பேனின் இசை எங்கே பிறந்தது, எப்படிப் பரவியது?

கரீபியன் கடலின் டிரினிடாட் தீவில், தலைநகர் போர்ட் ஆஃப் ஸ்பெயினின் ஏழைத் தெருக்களில்தான். 1880களில் ஆங்கிலேய அரசு கார்னிவல் தெருவிழாவில் தோல் பறைகளுக்குத் தடை போட்டது. ஆப்பிரிக்க அடிமைகளின் வழிவந்த மக்கள் அதற்காகத் தாளத்தை விட்டுவிடவில்லை, மூங்கில் குழாய்களைத் தரையில் இடித்து வாசித்தார்கள், அப்புறம் 1930களில் பிஸ்கட் டின், குப்பைத்தொட்டி, கார் பிரேக் டிரம் என்று கிடைத்த உலோகத்தையெல்லாம் தட்டினார்கள். நெளிந்த இடம் வேறு சுரம் தருவதைக் கவனித்ததுதான் பெரிய திருப்பம். இரண்டாம் உலகப்போருக்குப் பின் எண்ணெய் பீப்பாய் வந்தது: அடிப்பக்கத்தைக் குழியாக அடித்து இறக்கி, சுரங்களாகப் பிரித்து, சூடாக்கி, சுத்தியலால் சுருதி சேர்ப்பார்கள். எல்லி மானெட் இதில் முன்னோடி. அவரும் இருந்த டாஸ்போ என்ற ஸ்டீல்பேன் குழு 1951இல் லண்டன் விழாவில் வாசித்து அசத்தியது. வெளிநாடுகளில் குடியேறிய டிரினிடாட் மக்களோடு இந்த இசை லண்டனின் நாட்டிங் ஹில், நியூயார்க்கின் புரூக்ளின் வரை போனது. இவ்வளவு அழகான இசையை அந்த எளிய மக்கள்தான் உருவாக்கினார்கள், அந்தப் பெருமை முழுக்க அவர்களுக்கே.